வகுப்பறையில் விழாக்களும் சான்றோரும்

பெங்களூரு மாநகரின் வடகிழக்கே, ஹென்னூர் சாலையையொட்டி அமைந்துள்ள லிங்கராஜபுரத்தில், தை மாதப் பிறப்பன்று காலையில் ஒரே தெருவில் இரு வேறு பண்டிகைகளைக் காணலாம். ஒரு வீட்டில் புதுப்பானையில் பால் பொங்குகிறது. அடுத்த வீட்டுச் சிறுமி எள், வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை ஆகியவற்றைக் கலந்து தட்டில் ஏந்தி, கரும்புத் துண்டுடன் அக்கம்பக்கத்தாருக்கு வழங்கப் புறப்படுகிறாள். முதல் வீட்டார் அந்நாளைப் பொங்கல் என்கின்றனர். அடுத்த வீட்டார் சங்கராந்தி என்கின்றனர். மூன்று வாரங்களுக்கு முன் கிறிஸ்துமஸ் கொண்டாடிய மூன்றாம் வீட்டுக்கும், ரம்ஜான் பிறைக்காகக் காத்திருக்கும் நான்காம் வீட்டுக்கும் பொங்கலும் எள்ளும் வந்து சேர்கின்றன.

விடுமுறை முடிந்து இந்நான்கு வீட்டுக் குழந்தைகளும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். கரும்பலகையில் 'பொங்கல்' என்ற தலைப்பில் ஐந்து வாக்கியங்கள் எழுதப்படுகின்றன. நால்வரும் அவற்றைப் பிழையின்றிப் பார்த்தெழுதுகின்றனர். தெருவில் தாம் கண்டதில் ஒரு சொல்லும் அவர்களுடைய ஏட்டில் இடம்பெறுவதில்லை. இது ஓர் ஊருக்கோ ஒரு பள்ளிக்கோ மட்டும் உரிய குறையன்று. விழாக்களையும் சான்றோரையும் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முறையில் நாடெங்கும் பரவியிருக்கும் வழக்கம் இது. எனினும், பல மொழியினரும் பல சமயத்தினரும் நெருங்கி வாழும் இத்தகைய பகுதிகளிலேதான் அதனால் நேரும் இழப்பு மிகுதி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் பெங்களூரில் கண்டோன்மென்டை நிறுவியபோது, சென்னை மாகாணப் படைப்பிரிவுகளுடன் தமிழ்க் குடும்பங்களும் பெருமளவில் வந்து குடியேறின. அல்சூர், சிவாஜி நகர், காக்ஸ் டவுன் முதலிய கிழக்குப் பகுதிகளில் தமிழ் இன்றும் தெருவில் வழங்கும் மொழியாக இருப்பதற்கு இதுவே அடிப்படை. கன்னடம், தமிழ், உருது, தெலுங்கு, மலையாளம் ஆகிய ஐந்தையும் ஓரளவேனும் காதால் அறிந்த குழந்தைகள் இங்கு அரியர் அல்லர். ஆசிரியருக்கு இதைவிடச் சிறந்த பாடக் கருவி வேறு கிடைப்பது அரிது. ஆயினும் இச்செல்வம் பெரும்பாலும் பள்ளி வாயிலிலேயே நின்றுவிடுகிறது.

சட்டம் கூறுவது என்ன?

பள்ளியில் பண்டிகைகளைப் பற்றிப் பேசலாமா என்ற தயக்கம் ஆசிரியரிடத்தும் அதிகாரிகளிடத்தும் உண்டு. இத்தயக்கத்திற்குக் காரணம் அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு. முழுவதும் அரசு நிதியில் நடைபெறும் கல்வி நிலையத்தில் சமய போதனை கூடாது என்று அது விதிக்கிறது. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் நிலையங்களிலும், மாணவரின் சம்மதமின்றி, அவர் வயது வராதவராயின் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதமின்றி, சமய போதனையிலோ வழிபாட்டிலோ எவரையும் கலந்துகொள்ளச் செய்தல் ஆகாது.

ஆனால் ஒரு சமயத்தைப் போதிப்பது வேறு, சமயங்களைப் பற்றி அறியச் செய்வது வேறு. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு இவ்வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துரைத்தது. 2002-ஆம் ஆண்டில் அருணா ராய் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், சமயங்களைப் பற்றிய கல்வியை 28-ஆம் பிரிவு தடை செய்யவில்லை என்று கருதியது. மேலும் 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 51-அ பிரிவு, சமயம், மொழி, வட்டாரம் ஆகிய வேறுபாடுகளைக் கடந்த சகோதர உணர்வை வளர்ப்பதையும், நமது கூட்டுப் பண்பாட்டின் வளமான மரபைப் போற்றுவதையும், அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதையும் குடிமக்களின் கடமைகளாக வகுத்துள்ளது. இம்மூன்றையும் ஒருங்கே பயில விழாக்களைவிட ஏற்ற பாடம் வேறில்லை.

நடைமுறையில் எல்லைக்கோடு எங்கே? எள்ளும் வெல்லமும் ஏன் பகிரப்படுகின்றன என்று கேட்பதும், அதனை வகுப்பில் பகிர்ந்து உண்பதும் அறிவு சார்ந்தவை. ஒரு குறிப்பிட்ட தெய்வத்தின் முன் எல்லாக் குழந்தைகளையும் கைகூப்பச் செய்வது வழிபாடு. இவ்வளவு தெளிவாக எல்லா நேரங்களிலும் பிரித்துவிட முடியாது என்பது உண்மையே. எந்தக் குழந்தையும் தன் வீட்டு வழக்கத்தை மறைத்துக்கொள்ள நேரவில்லை, தன்னுடையதல்லாத வழக்கத்தில் ஈடுபட வற்புறுத்தப்படவும் இல்லை என்றால் ஆசிரியர் எல்லைக்கு உள்ளேயே நிற்கிறார் எனலாம்.

பஞ்சாங்கம் தரும் கணக்கு

விழாவைக் கற்பிப்பது என்றவுடன் கதை சொல்வதே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. கதை வேண்டியதே, ஆனால் விழாக்களில் கதையைப் போலவே கணக்கும் உண்டு. பண்டிகை நாள் ஆண்டுதோறும் ஏன் மாறுகிறது என்ற கேள்வியை எந்தக் குழந்தையும் எப்போதாவது கேட்டிருக்கும். பெரும்பாலும் விடை கிடைத்திராது.

கிறிஸ்துமஸ் டிசம்பர் 25-ஆம் நாளில் நிலைத்து நிற்கிறது. பொங்கலோ ஜனவரி 14 அல்லது 15. யுகாதி மார்ச்சு, ஏப்ரல் மாதங்களுக்கிடையே முன்பின்னாக நகர்கிறது. ஆனால் தமிழ்ப் புத்தாண்டு அவ்வாறு நகர்வதில்லை. அது ஏப்ரல் 14-ஐ ஒட்டியே வருகிறது. ரம்ஜான் பண்டிகையோ ஆண்டு முழுவதையும் சுற்றி வருகிறது. இவ்வைந்தையும் பத்தாண்டு நாட்காட்டிகளைக் கொண்டு அட்டவணைப்படுத்துமாறு ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் கூறினால், ஒரு வாரத்தில் அவர்களே விடையை நெருங்கிவிடுவர்.

இஸ்லாமிய ஆண்டு சந்திரனை மட்டும் கொண்டு கணிக்கப்படுவது. அதற்கு ஏறத்தாழ 354 நாட்கள். சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாட்கள் குறைவு. ஆகவே பண்டிகை ஆண்டுதோறும் அவ்வளவு முன்னதாக வருகிறது. ஏறக்குறைய 33 ஆண்டுகளில் ஒரு முழுச் சுற்று முடிகிறது. 2000-ஆம் ஆண்டில் ரம்ஜான் பண்டிகை ஜனவரியில் ஒரு முறையும் டிசம்பரில் மற்றொரு முறையும் வந்தது இதனாலேயே. யுகாதியும் சந்திரனைச் சார்ந்ததே. ஆனால் அங்கு ஏறத்தாழ 32 அல்லது 33 மாதங்களுக்கு ஒருமுறை ஓர் அதிக மாதம் சேர்க்கப்பட்டு, பருவத்தோடு நாள் இணைக்கப்படுகிறது. ஈஸ்டர் நாளும் வசந்த காலத்து முழுநிலவைக் கொண்டே கணிக்கப்படுகிறது என்பதைக் கேட்டுக் கிறிஸ்தவக் குழந்தைகளே வியப்படைவது உண்டு. யுகாதி கொண்டாடும் வீடும் ஈஸ்டர் கொண்டாடும் வீடும் ஒரே நிலவையே அண்ணாந்து பார்க்கின்றன.

பொங்கலிலும் ஒரு நுட்பம் உண்டு. விவேகானந்தர் 1863-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் பிறந்தார். அந்நாள் மகர சங்கராந்தி. அவருடைய பிறந்தநாளான ஜனவரி 12 இன்று தேசிய இளைஞர் தினம். சங்கராந்தியோ இரண்டு மூன்று நாட்கள் தள்ளி வருகிறது. நம் பஞ்சாங்கம் விண்மீன்களை வைத்துச் சூரியனின் ஆண்டைக் கணிக்கிறது. ஆங்கில நாட்காட்டி பருவங்களை வைத்துக் கணிக்கிறது. இரண்டிற்கும் இடையிலுள்ள சிறு வேறுபாடு ஏறத்தாழ 72 ஆண்டுகளில் ஒரு நாளாகச் சேர்கிறது. விழா ஒன்றையும் சான்றோர் ஒருவரையும் கணக்கு ஒன்றையும் ஒரே பாடத்தில் இணைக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஒரே விழாவின் பல முகங்கள்

தீபாவளியைத் தமிழ்க் குடும்பங்கள் நரக சதுர்த்தசியன்று விடியலில் எண்ணெய் முழுக்குடன் கொண்டாடுகின்றன. கர்நாடகத்தில் அது தொடக்கமே. அமாவாசைக்கு மறுநாள் பலிபாட்யமி என்ற பெயரில் மகாபலி நினைவுகூரப்படுகிறான். அதே மகாபலியை மலையாளக் குடும்பங்கள் ஓணத்தின்போது வரவேற்றிருக்கும். மூன்று வீட்டுக் குழந்தைகளையும் அடுத்தடுத்துப் பேசவைத்தால் போதும், ஆசிரியர் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

பெங்களூரின் கரகத் திருவிழா இன்னும் ஆழமான பாடம். சித்திரா பௌர்ணமி இரவில் நகர்ப்பேட்டை தர்மராய சுவாமி கோயிலிலிருந்து, மல்லிகைச் சரங்களால் மூடிய கரகம் புறப்படுகிறது. இதனை நடத்துவோர் திகளர் சமூகத்தினர். தோட்டப் பயிரில் தேர்ந்தவர்கள். இவர்களுடைய பேச்சில் தமிழ்க் கலப்பு உண்டு. கரகம் திரௌபதியின் வடிவமாகப் போற்றப்படுகிறது. தமிழகத்தின் வடமாவட்டங்களில் நடைபெறும் திரௌபதி அம்மன் விழாக்களை அறிந்த பெற்றோர்க்கு இது அன்னியமாகத் தோன்றாது. கரக ஊர்வலம் தன் வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் சென்று வருவது நெடுநாள் மரபு. மாநகரின் மிகப் பழைய விழாக்களுள் ஒன்றில் மகாபாரதமும், தமிழ் வேர் கொண்ட உழவர் குடியும், கன்னட நகரமும், ஒரு முஸ்லிம் பெரியாரின் அடக்கத்தலமும் ஓரிரவில் சந்திக்கின்றன. தேசிய ஒருமைப்பாடு குறித்து மேடையில் ஆற்றப்படும் பல சொற்பொழிவுகள் இந்த ஓரிரவுக்கு ஈடாகா என்றே சொல்ல வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. விழாவை அழகிய காட்சியாக மட்டும் காட்டினால் குழந்தை அதனைப் பொருட்காட்சியாகவே பார்க்கும். கரும்பு எங்கிருந்து வந்தது, அதனை வெட்டியவர் யார், பண்டிகை முடிந்த மறுநாள் தெருவில் குவிந்த இலைகளையும் சருகுகளையும் அள்ளியவர் யார் என்னும் வினாக்களும் பாடத்தில் இடம்பெற வேண்டும். கல்வியைப் பள்ளிக்கு வெளியேயுள்ள வாழ்வோடு இணைத்தல் வேண்டும் என்பதை 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு தன் வழிகாட்டு நெறிகளுள் ஒன்றாகக் கொண்டது. நகரத் துப்புரவுப் பணியாளரின் பிள்ளையும் அதே வகுப்பில் அமர்ந்திருக்கலாம் என்பதை மறத்தலாகாது.

படமும் மாலையும்

சான்றோரைக் கற்பிப்பதில் நிலைமை இன்னும் கவலைக்குரியது. நவம்பர் 14 என்றால் ரோஜாப்பூ. அக்டோபர் 2 என்றால் இராட்டை. செப்டம்பர் 5 என்றால் தலைப்பாகை. படத்திற்கு மாலை, ஒரு சொற்பொழிவு, இனிப்பு, மாறுவேடப் போட்டி என்ற வரிசையில் நாள் முடிகிறது. 'இவர் ஒரு மாபெரும் தலைவர். நாட்டுக்காகப் பாடுபட்டார்' என்ற வாக்கியம் பெயரை மட்டும் மாற்றி எல்லோருக்கும் பொருத்தப்படுகிறது. எவருக்கும் பொருந்தும் வாக்கியம் எவரைப் பற்றியும் எதையும் கூறுவதில்லை.

மாற்று எளிது. பெரியோர் ஒருவர் குறிப்பிட்ட ஓரிடத்தில், குறிப்பிட்ட ஆண்டில் செய்த ஒரு செயலை எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்விடம் குழந்தையின் ஊருக்கு அருகிலாயின் நன்று. காந்தியடிகள் 1927-ஆம் ஆண்டில் உடல்நலம் குன்றி, நந்தி மலையிலும் பெங்களூரிலும் தங்கி ஓய்வெடுத்தார். அப்போது அவருக்கு வயது 57. அந்நாட்களில் பெங்களூரிலிருந்த அரசாங்கப் பால் பண்ணைக்குச் சென்று, பசு வளர்ப்பைப் பற்றி ஒரு மாணவரைப் போல் கேட்டறிந்தார். வருகைப் பதிவேட்டில் தம்மைச் சபர்மதியைச் சேர்ந்த ஒரு விவசாயி என்றே குறித்தார். நாடறிந்த தலைவர் ஒருவர் அந்த வயதில் மாணவராக அமர்ந்த இச்செய்தி, இராட்டை வரைந்து வண்ணம் தீட்டுவதைவிடக் குழந்தையின் நெஞ்சில் நெடுநாள் நிற்கும்.

டாக்டர் இராதாகிருஷ்ணன் 1918 முதல் 1921 வரை மைசூரில் தத்துவப் பேராசிரியராகப் பணியாற்றியவர்; திருத்தணியில் பிறந்த ஆசிரியர், கன்னட நாட்டு மாணவர்களுக்குக் கற்பித்தார். சர் சி. வி. இராமன் 1933-இல் பெங்களூரு வந்து இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். 1948-இல் தம் பெயரிலான ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1970-இல் மறைந்தபோது அந்நிலைய வளாகத்திலேயே அவருடைய உடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் நினைவுத் தூண் ஏதுமில்லை; ஒரு மரம் நிற்கிறது. பிப்ரவரி 28-ஆம் நாள் தேசிய அறிவியல் தினம் என்று மனப்பாடம் செய்யும் மாணவருள், 1928-இல் அந்நாளில் அறிவிக்கப்பட்ட கண்டுபிடிப்பு ஒளிச் சிதறலைப் பற்றியது என்பதைச் சொல்லக் கூடியவர் எத்தனை பேர்? ஒரு குவளை நீரில் சில துளி பால் கலந்து, ஒரு கைவிளக்கின் ஒளியைச் செலுத்தினால், ஒளி சிதறுவது என்றால் என்ன என்பதையாவது நேரில் காட்டிவிடலாம். இது இராமன் விளைவு ஆகாது என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும்.

பலகையில் எழுதிய பெயர்கள்

லிங்கராஜபுரத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் குழந்தை, பெயர்ப் பலகைகளைப் படித்தவாறே பல நூற்றாண்டு வரலாற்றைக் கடந்துவிடுகிறது. 1898-ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பின், காற்றோட்டமும் அகன்ற வீதிகளும் வேண்டுமெனத் திட்டமிட்டு அமைக்கப்பட்ட பகுதி ஃபிரேசர் டவுன். மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு இளமையில் ஆசிரியராக இருந்த ஆங்கில அதிகாரியின் பெயர் அதற்கு இடப்பட்டது. இப்பகுதியின் இன்றைய அதிகாரப்பூர்வப் பெயர் புலிகேசி நகர்.

புலிகேசி என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழ் வீட்டுக் குழந்தை ஒன்றை நினைக்கும்; கன்னட வீட்டுக் குழந்தை வேறொன்றை நினைக்கும். கன்னடப் பாடநூலில் இரண்டாம் புலிகேசி, வடநாட்டு ஹர்ஷரை நர்மதைக் கரையில் தடுத்து நிறுத்திய மாவீரன். தமிழ் மரபிலோ அவன் காஞ்சியை முற்றுகையிட்ட பகைவன். அவனை வென்ற நரசிம்மவர்மன் 'வாதாபி கொண்டான்' எனப் புகழப்படுகிறான். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' தமிழ் வாசகரின் மனத்தில் இச்சித்திரத்தை மேலும் ஆழப் பதித்துவிட்டது.

இரு தரப்பிற்கும் சான்றுகள் உள்ளன என்பதே இதன் சிறப்பு. கி.பி. 634-ஐ ஒட்டி ரவிகீர்த்தி இயற்றிய ஐஹொளே கல்வெட்டு, பல்லவ வேந்தனைக் காஞ்சியின் மதிலுக்குப் பின்னே பதுங்கச் செய்தான் புலிகேசி என்கிறது. பல்லவரின் கூரம் செப்பேடோ, புறமுதுகிட்ட புலிகேசியின் முதுகில் நரசிம்மவர்மன் வெற்றி என்னும் சொல்லை எழுதினான் என்கிறது. 642-ஐ ஒட்டி வாதாபி வீழ்ந்தது. பாதாமிப் பாறையில் நரசிம்மவர்மனின் கல்வெட்டும் உள்ளது. எட்டாம் வகுப்பில் இரு செய்திகளையும் அருகருகே வைத்து, 'ஒவ்வொன்றையும் எழுதச் செய்தவர் யார்? அவர் எதனைச் சொல்லாமல் விட்டார்?' என்று கேட்டால் மாணவர் வரலாற்றுச் சான்றை எடைபோடக் கற்பர். அவர்களுடைய வீட்டுப் பெருமிதத்தைப் பறிக்க வேண்டியதில்லை. அடுத்த வீட்டிலும் அதே அளவு பெருமிதம் உண்டு என்று அறிந்தால் போதும்.

மாறுவேடப் போட்டிக்கும் இது பொருந்தும். சித்திரதுர்க்கத்து ஒபவ்வாவாக ஒரு சிறுமி கையில் உலக்கையுடன் நிற்கிறாள்; வேலு நாச்சியாராக மற்றொரு சிறுமி வாளுடன் வருகிறாள். முதலாமவர் எதிர்த்து நின்றது ஹைதர் அலியின் படையை. இரண்டாமவர் சிவகங்கையை 1780-இல் மீட்டது ஹைதர் அலியின் ஆதரவுடன். ஒரே மனிதர், ஏறத்தாழ ஒரே காலம். ஒரு கதையில் பகைவர், மற்றதில் துணைவர். அதே ஹைதர் அலியே லால்பாக் தோட்டத்திற்கு வித்திட்டவர் என்பதைப் பள்ளிச் சுற்றுலாவின்போது மூன்றாவதாகச் சொல்லலாம். அவருடைய மைந்தர் திப்பு சுல்தானின் பிறந்தநாள் 2015 முதல் கர்நாடக அரசு விழாவாகக் கொண்டாடப்பட்டு 2019-இல் நிறுத்தப்பட்டது. எந்நாளை விழாவாக்குவது என்பதை அரசுகள் முடிவு செய்யலாம், மாற்றலாம். நடந்தது என்ன என்று வினவும் பழக்கம் மாணவரிடம் நிலைத்திருக்க வேண்டும்.

விடுமுறையா, வேலை நாளா?

நிர்வாகத்தினர் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று. சான்றோர் ஒருவரைப் போற்ற விடுமுறை அறிவிக்கப்படுகிறது. விடுமுறையென்றால் பள்ளி மூடப்படுகிறது. ஆகவே அவரைப் பற்றிக் குழந்தை அன்று எதுவும் அறிவதில்லை. உத்தரப் பிரதேச அரசு 2017-இல் இத்தகைய 15 பொது விடுமுறைகளை நீக்கி, அந்நாட்களில் பள்ளிகளில் அப்பெரியோரைப் பற்றிய நிகழ்ச்சிகள் நடத்தப்பட வேண்டும் என்றது. எந்தெந்த நாட்களை நீக்குவது என்பதில் கருத்து வேறுபாடு எழுவது இயல்பு. அடிப்படைக் கருத்து ஆராயத் தக்கது. தமிழகத்தில் காமராஜரின் பிறந்தநாளான ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளாகப் பள்ளிகளிலேயே கொண்டாடப்படுகிறது. மதிய உணவு பரிமாறப்படும் நேரத்தில், அத்திட்டத்தை விரிவாக்கியவரைப் பற்றிப் பேசுவதே பொருத்தம்.

நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவம். 1956-இல் அந்நாளில்தான் கன்னடம் பேசும் பகுதிகள் ஒரே மாநிலமாக இணைந்தன; 1973-இல் அதே நாளில் மைசூர் மாநிலம் கர்நாடகம் எனப் பெயர் பெற்றது. லிங்கராஜபுரத்துத் தமிழ்க் குழந்தைக்கு இது அயலாரின் விழாவா? 1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரளமும் ஆந்திரப் பிரதேசமும் உருவாயின. இன்றைய தமிழகத்தின் எல்லைகளும் அன்றே பெரும்பாலும் அமைந்தன. இதனை நான்கு வண்ணங்களில் ஒரு தேசப்படமாகத் தீட்டச் செய்யும் ஆசிரியர், மஞ்சள் சிவப்புக் கொடியின் கீழ் நிற்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அந்நாளைச் சொந்தமாக்கிவிடுகிறார்.

மூடிக்கிடந்த சிலை

லிங்கராஜபுரம் அடங்கிய சட்டமன்றத் தொகுதியின் பெயர் சர்வக்ஞ நகர். சர்வக்ஞர் ஊர் ஊராகத் திரிந்து, எளிய கன்னடத்தில் மூன்றடிப் பாக்களாகிய திரிபதிகளைப் பாடிய கவிஞர். சாதிச் செருக்கையும் போலிப் பக்தியையும் சாடியவர். திருவள்ளுவரோ ஈரடியில் 1330 குறட்பாக்கள் யாத்தவர். இரண்டடியும் மூன்றடியும் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் எளிதில் ஒப்பிடக் கூடியவை. இரு மொழிப் பாக்களையும் ஓசையுடன் சொல்லவைத்து, பொருளை அவர்களையே கேட்கலாம்.

மேல் வகுப்பினர்க்கு இதற்கு மேலும் ஒரு பாடம் காத்திருக்கிறது. அல்சூர் ஏரியின் அருகே பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் 1991-இல் திருவள்ளுவர் சிலை நிறுவப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததால் திறப்பு விழா நடைபெறவில்லை. காவிரி நடுவர் மன்றம் அவ்வாண்டு ஜூன் 25-இல் வழங்கிய இடைக்கால உத்தரவு டிசம்பர் 11-இல் மத்திய அரசிதழில் வெளியானது. அதனைத் தொடர்ந்து பெங்களூரில் வன்முறை மூண்டது, உயிர்கள் பலியாயின, தமிழ்க் குடும்பங்கள் பல வீடு வாசலை விட்டு வெளியேறின. சிலை 18 ஆண்டுகள் துணியால் மூடப்பட்டே நின்றது. அதனைக் கடந்து பள்ளிக்குச் சென்ற குழந்தைகள் ஒரு தலைமுறைக் காலம், உள்ளே இருப்பவர் யார் என்று பெற்றோரைக் கேட்டிருப்பர்.

2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் கர்நாடக முதலமைச்சர் எடியூரப்பா முன்னிலையில் தமிழக முதலமைச்சர் கருணாநிதி அச்சிலையைத் திறந்து வைத்தார். நான்கு நாட்களுக்குப் பின், ஆகஸ்டு 13-இல், சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. 2016 செப்டம்பரில் காவிரியை ஒட்டி மீண்டும் வன்முறை நிகழ்ந்தது என்பதையும் மாணவரிடம் மறைக்க வேண்டியதில்லை. சிலைகளால் நதிநீர்ச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று கூறுவது உண்மையாகாது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கியது. அணையின் நீர்மட்டம், மழையளவு, பயிர்ப் பரப்பு, பெங்களூரின் குடிநீர்த் தேவை என்று இச்சிக்கலைப் புள்ளிவிவரங்களாகப் பயிலும் மாணவர், அதனை மொழிப் பகையாகக் காண்பதற்கு முன் சற்றுத் தயங்குவார்.

இப்பாடத்தை எந்த வயதில் தொடங்குவது என்று ஆசிரியர் தயங்குவது நியாயமே. ஐந்தாம் வகுப்பு வரை இரு கவிஞரும் அவர்தம் பாக்களும் போதும். ஏழு, எட்டாம் வகுப்பினரிடம் மூடிய சிலையின் கதையை ஒளிவு மறைவின்றிக் கூறலாம். வீட்டில் எப்படியும் அவர்கள் அதைக் கேட்டிருப்பர். அங்கு கேட்டது பெரும்பாலும் ஒரு பக்கக் கதையாகவே இருக்கும்.

செய்முறையும் கடினமன்று. லிங்கராஜபுரத்திலிருந்து அல்சூர் ஏரி ஒரு முற்பகலில் போய்வரக் கூடிய தூரமே; பெற்றோரின் எழுத்துமூலமான ஒப்புதலும், துணைக்கு ஆசிரியர் இருவரும் வேண்டும். அதே பகுதியில் கெம்பே கௌடர் பெயரால் வழங்கும் நான்கு காவல் கோபுரங்களுள் ஒன்றும் உள்ளது. நேரமிருப்பின் அதனையும் பார்த்துவரலாம். மாணவர் சிலையை வரைந்து, தமக்குப் பிடித்த குறளொன்றின் பொருளைக் கன்னடத்தில் எழுதி, அயனாவரம் பகுதியிலுள்ள ஒரு பள்ளிக்கு அஞ்சலில் அனுப்பலாம். அங்குள்ள மாணவர் சர்வக்ஞரின் திரிபதி ஒன்றின் பொருளைத் தமிழில் எழுதி மறுமொழி விடுக்க வேண்டும். கன்னடம் அறிந்தவர் ஒருவரைத் தேடிக் கேட்டாலொழிய அவர்களால் அதனை எழுத முடியாது. அத்தேடலுக்காக இரண்டு வாரம் கூடுதலாக ஒதுக்கித் திட்டமிடுதல் நலம்.